நைபெட் 2004-இல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்றாரா?

மொராக்கோ கால்பந்து அணியின் பழைய தடுப்பாட்டக்காரர் நூருத்தீன் நைபெட் 2004 ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றார் என்று ஒரு செய்தி பரவுகிறது. தவறு. அந்த இறுதிப் போட்டியில் துனிசியா 2-1 என்று மொராக்கோவை வீழ்த்தியது. 1976-இல் மொராக்கோ கோப்பையைத் தூக்கியபோது நைபெட்டுக்கு வயது ஆறு!

இல்லாத கோப்பையை அவர் தலையில் ஏற்றுவானேன்? காசாபிளாங்காவில் பிறந்து, அந்த ஊரின் விதாத் கிளப்பில் வளர்ந்தவர். நாட்டுக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர். 2000-இல் டெபோர்ட்டிவோ லா கொருன்யா கிளப் வென்ற ஒரே ஸ்பானிய லீக் பட்டத்தில் அவர் பங்கு பெரியது. 2002 மார்ச் 6, ரியல் மாட்ரிட்டின் நூறாவது பிறந்தநாள். அவர்கள் மைதானத்திலேயே ஸ்பெயினின் அரசர் கோப்பை இறுதிப் போட்டி. விழாவுக்குக் கூடியிருந்த கூட்டத்தின் முன்னால் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று ஜெயித்தது டெபோர்ட்டிவோ. நடுத் தடுப்பில் நின்றவர் நைபெட். பகிர வேண்டிய கதை இது.