யார் கழுவுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் மகளைப் பெண் பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். எம்.கே.பி. நகரில் இருக்கும் அண்ணன் வீட்டு ஹாலில் ஒன்பது பேர் உட்கார்ந்துவிட்டால் பத்தாவது ஆள் வாசற்படியில்தான் நிற்க வேண்டும். நின்றேன். கேசரியும் பஜ்ஜியும் முடிந்து, தெருமுனைக் கடையிலிருந்து பிளாஸ்க்கில் டீ வந்தது. கூடவே ஓர் அடுக்கு பேப்பர் கப். மாப்பிள்ளையின் தகப்பனார் சூடு பொறுக்காமல் இரண்டு கப்பை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பிடித்துக்கொண்டார். அவர் தலைக்கு நேர் பின்னால், ஷோகேஸ் கண்ணாடிக்குள், எங்கள் ஆயாவின் டீ செட் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகு அண்ணியிடம் கேட்டேன். இன்றைக்கு எடுக்காமல் அதை என்றைக்குத்தான் எடுப்பது? அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "எடுக்கலாம். யார் கழுவுவது?"

அன்று இரவே, வீடுகளில் டீ செட் வைத்துக் குடிக்கும் வழக்கம் அழிந்துவிட்டதே என்று ஒரு புலம்பல் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி ஓடியது. அதற்கு மேல் அண்ணியின் கேள்வி குறுக்கே வந்து நின்றுகொண்டது. புலம்பலை அழித்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து, இப்போது இதை எழுதுகிறேன்.

ஆயா ரங்கூன்காரர். 1963, 64-இல் பர்மாவில் நே வின் என்ற ராணுவத் தளபதியின் அரசு கடைகளையும் வியாபாரத்தையும் அரசுடைமையாக்கியது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தது. தாத்தாவின் மளிகைக் கடை அரசாங்கத்துக் கடையாகிவிட்டது. அப்போது கப்பலேறி, சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, வியாசர்பாடிப் பக்கம் வந்து ஒண்டிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நகையைக் கொண்டுவர விடவில்லை. பீங்கானை யாரும் தடுக்கவில்லை. ஆறு கோப்பை, ஆறு சாசர், ஒரு கெட்டில், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், எல்லாவற்றையும் தாத்தாவின் கைலிகளில் சுற்றி டிரங்குப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தார் ஆயா. எங்கே வாங்கியது என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ரங்கூனின் வேறொரு தெருப் பெயரைச் சொல்வார்.

ஜப்பான் பீங்கான் அது. முட்டை ஓட்டைப் போல மெல்லியது. கோப்பையைக் காலி செய்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், அடியில் கொண்டை போட்ட ஒரு ஜப்பானியப் பெண்ணின் முகம் தெரியும். அதில் மையும் இல்லை, வண்ணமும் இல்லை. பீங்கானை ஓரிடத்தில் மெலிதாகவும் ஓரிடத்தில் தடிப்பாகவும் வார்த்து, புகுகிற வெளிச்சத்தை வைத்தே முகத்தை வரைந்திருப்பார்கள். இத்தகைய செட்டுகளை ஜப்பான் ஏற்றுமதிக்கென்றே செய்தது. மாலுமிகளும் சிப்பாய்களும் ஊருக்கு வாங்கிப் போனார்கள்.

அண்ணனுக்கு ஏழு வயதிருக்கும்போது அந்த முகத்தைப் பார்க்கும் ஆசையில் ஒரு கோப்பையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினான். கை நழுவியது. ஆறு ஐந்தானது. அன்றைக்குப் பெட்டிச் சாவி ஆயாவின் சுருக்குப் பைக்குள் போனதுதான்.

துணையிழந்த ஆறாவது சாசர் மட்டும் விடுதலையாகி எங்கள் புழக்கத்துக்கு வந்தது. பின்னி ஆலையில் ஷிப்ட் முடிந்து வரும் நைனா, எவர்சில்வர் டம்ளர் டீயை அதில் ஊற்றி, ஊதி, உறிஞ்சுவார். சாசர் என்பது கோப்பையை உட்கார வைக்கும் தட்டு என்று எனக்குத் தெரிந்ததே கல்லூரிக்குப் போன பிறகுதான். அதுவரை அது டபராவின் பீங்கான் தங்கை.

மற்ற ஐந்து கோப்பைகளில் யார் யார் குடித்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பள்ளித் தலைமையாசிரியர். ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளர். வட்டிக்குப் பணம் கொடுத்தவர். அக்காவைப் பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டம் (முதல் கூட்டம் நன்றாகக் குடித்துவிட்டுப் போய்ப் பதிலே சொல்லவில்லை). அம்மா நாற்பது வருடம் அவற்றைக் கழுவினார், துடைத்தார், அடுக்கினார். ஒரு நாளும் அதில் குடித்ததில்லை. குடிக்காதே என்று யாரும் சொன்னதாகவும் நினைவில்லை. சொல்லும் தேவையே எவருக்கும் வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எங்கள் பழைய வீட்டுப் பின்ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடி கிளாஸ் எப்போதும் கவிழ்ந்திருக்கும். சாக்கடை அடைப்பெடுக்க வருகிறவருக்கு அதில்தான் டீ. குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். ஒரு முனையில் பூட்டிவைத்த ஜப்பான் கோப்பை, மறுமுனையில் ஜன்னல் விளிம்பு கிளாஸ், நடுவில் எவர்சில்வர் டம்ளரோடு நாங்கள். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை என்று செய்தி வந்தால் நைனா பேப்பரை மடித்து வீசிவிட்டு ஆத்திரப்படுவார். அவர் முதுகுக்குப் பின்னால்தான் அந்த ஜன்னல் இருந்தது. அந்த ஏற்பாடு ஒழிந்ததற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். பேப்பர் கப்பை எவ்வளவு திட்டினாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அன்று மாப்பிள்ளையின் தகப்பனாரும் அவர்களை அழைத்து வந்த வேன் டிரைவரும் ஒரே அடுக்கிலிருந்து உருவிய கப்பில்தான் குடித்தார்கள்.

கெட்டிலின் கதை வேறு. அதை வீட்டை விட்டு விரட்டியது டீத்தூள். இலைத் தேயிலை கொதிநீரில் நாலைந்து நிமிடம் ஊறித்தான் தன் சாரத்தை விடும். அதுவரை சூடு தங்க மூடி போட்ட, வயிறு பெருத்த ஒரு பாத்திரம் வேண்டும். 1930 வாக்கில் அசாமில் சி.டி.சி. இயந்திரம் வந்தது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாகத் தள்ளும் உருளைகள். அந்தக் குருணையும் தூளும் சட்டென்று சாயம் இறக்கும், கொஞ்சம் போட்டால் நிறைய டம்ளர் வரும், பாலையும் சர்க்கரையையும் மீறி நாக்கில் நிற்கும். நம் தெருக்களில் டீ என்றாலே அதுதான். அதைக் கெட்டிலில் போட்டு மறந்துவிட்டால் கஷாயம், கெட்டிலின் மூக்கும் அடைத்துக்கொள்ளும். தூள் அடுப்பில் கொதித்து, வடிகட்டியில் இறங்கி, நேராக டம்ளருக்குப் போகிறது. வழியில் கெட்டிலுக்கு வேலையே இல்லை.

இத்தனைக்கும் கெட்டிலைத் தலையில் கட்டத்தான் பார்த்தார்கள். 1930-களில் இந்தியாவில் தேயிலை விற்பனையைப் பெருக்க அமைந்த வாரியம் ஊர் ஊராக ஆள் அனுப்பி இலவசமாக டீ ஊற்றியது. எனாமல் பலகைகளில் செய்முறையும் எழுதி வைத்தது: கெட்டிலை முதலில் வெந்நீரால் சூடாக்கு, ஆளுக்கு ஒரு கரண்டி, கெட்டிலுக்கென்று ஒரு கரண்டி, ஊறவிடு, பாலைக் கடைசியில் சேர். பானத்தை வாங்கிக்கொண்டோம். பாடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஆனாலும் எனக்கு உண்மையிலேயே வருத்தம் இருப்பது கெட்டில் விஷயத்தில்தான். ரங்கூன் டீக்கடைகளில் மேசைக்கு மேசை பாலில்லாத வெறும் தேநீர் காசில்லாமல் இருக்கும், பேசப் பேச ஊற்றிக்கொள்வோம் என்று ஆயா சொல்வார். தேயிலையைக் குடிப்பது போதாதென்று ஊறவைத்துத் தின்னவும் செய்கிற ஊராயிற்றே. நம் வீட்டில் இரண்டாவது டம்ளர் வேண்டுமென்றால் ஒரு பெண் எழுந்து போய் மறுபடி அடுப்பு மூட்ட வேண்டும். அதனாலேயே நல்ல மனம் உள்ளவர்கள் "போதும்" என்று சொல்லிவிடுவார்கள், பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். கெட்டில் நடுவில் இருந்தால் அவரும் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

இனித் தண்ணீர். வட சென்னையில் எதைப் பற்றி எழுதத் தொடங்கினாலும் கடைசியில் குடத்தடியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. நைனாவின் சாசர் போக எங்கள் செட்டில் பதின்மூன்று உருப்படி, மூடிகள் தனி. ஒவ்வொன்றாக, விரல் நுனியால், தாராளமான தண்ணீரில் கழுவ வேண்டும். அடிபம்பிலும் லாரியிலும் பிடித்த தண்ணீரில் இதைச் செய்தவர் அம்மா. எவர்சில்வர் டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்க்கலாம், கோபம் வந்தால் விட்டெறியலாம், நசுங்கினால் எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு நாள் கணக்கில் காத்துக் கிடந்தபோதுதான் அண்ணன் வீட்டுக்குள் பேப்பர் கப் நுழைந்தது. விருந்தாளி வந்தால் அரைக் குடம் மிச்சம். பிறகு ஏரிகள் நிரம்பின. பேப்பர் கப் வெளியே போகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே 2019-இல் ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அத்தகைய கப்பில் 100 மில்லி சூடான தண்ணீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்து, ஏறக்குறைய 25,000 நுண்துகள்கள் அதில் கலந்துவிடுவதாகக் கண்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் இரண்டு கப் செருகியதால் கணக்கு இரட்டிப்பாகாது, பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் கப் மட்டும்தான் சேர்த்தி.

பழக்கம் அழிந்ததற்குக் காலத்தைக் குறை சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. நாங்கள்தான் பத்திரப்படுத்திப் பத்திரப்படுத்தியே அந்த செட்டைத் தீர்த்துக்கட்டினோம். வீட்டு ஆட்களின் வாய் படாத கோப்பையின் மீது வீட்டில் யாருக்கு ஒட்டுதல் இருக்கும்? அண்ணன் மகளுக்கு அது டீ செட்டே இல்லை; ஷோகேஸில் தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பொம்மை. அதன் அடியில் ஒரு முகம் இருப்பது அவளுக்குத் தெரியாது. எடுத்துப் புழங்கியிருந்தால் இன்றைக்கு இரண்டோ மூன்றோதான் மிஞ்சியிருக்கும். ஆனால் அம்மா அதில் குடித்திருப்பார்.

ஆகவே அண்ணியிடம் கேட்டேன். கழுவுவது நான் என்றால் தாராளமாக எடுத்துப்போகலாம் என்றார். பழைய பேப்பரில் சுற்றி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, மனைவி மடியில் வைத்துக்கொள்ள, ஸ்கூட்டரைச் சைக்கிள் வேகத்தில் ஓட்டிப் பெரம்பூர் வந்து சேர்ந்தோம். நீலகிரி இலைத் தேயிலை கால் கிலோ வாங்கினேன். முதல் நாள் டீயைக் குடித்துவிட்டு மனைவி "வெந்நீர் நன்றாக இருக்கிறது" என்றாள். மூன்றாம் நாள் இலையைக் கூட்டிப் போட்டு, பாலைக் குறைத்த பிறகு, இரண்டாவது கோப்பைக்குத் தானே கெட்டிலைச் சாய்த்துக்கொண்டாள். காலையில் பதினைந்து நிமிடம் இருவரும் எதிரெதிரே உட்காருகிறோம். பெரும்பாலும் மளிகைக் கணக்குதான் பேசுகிறோம்.

இந்தச் செவ்வாய்க்கிழமை கழுவும்போது ஒன்றை உடைத்துவிட்டேன். சோப்பு வழுக்கல். ஐந்து நான்கானது. ஏதோ கொலையை ஒப்புக்கொள்வது போல அண்ணிக்கு போன் செய்தேன். அவர் ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "அப்படியானால் ஒரு சாசர் சும்மாதானே கிடக்கும், தம்பி? கொண்டுவந்து கொடுங்கள். அடுப்பு மேடையில் கரண்டி வைக்க ஒன்று வேண்டும்."