லேபிள் ஒட்டினால் போதுமா?
"திருத்திய படம்" என்று விளம்பரத்தில் ஒரு வரி போட்டாலே பெண்பிள்ளைகள் ஒல்லி உடல் மோகத்திலிருந்து தப்பித்துவிடுவார்கள் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை, பிரான்ஸில் 2017 அக்டோபரிலிருந்தே இந்தச் சட்டம் இருக்கிறது, மாடலின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிவிட்டு அதைச் சொல்லாமல் விட்டால் 37,500 யூரோ அபராதம். சரி, நல்லதுதான். ஆனால் இப்படிக் குறிப்பு போட்ட படங்களைக் காட்டிச் சோதித்த ஆய்வுகள் பலவற்றில் பெண்களுக்குத் தங்கள் உடல்மீதுள்ள அதிருப்தி குறையவே இல்லை; படம் பொய்யென்று தெரியும், ஆசை மட்டும் போகாது. மேலே பின்னூட்டம் எழுதிய ஒருவர், இந்த மோகம் எல்லாம் டிவி, இன்ஸ்டாகிராமின் வேலை என்கிறார், அதில் நியாயம் உண்டு. பசிபிக் தீவு நாடான ஃபிஜியின் நட்ரோகா பகுதியில் டிவி வந்த 1995-இல் எடை குறைக்க வாந்தி எடுத்ததாகச் சொன்ன மாணவி ஒருவர்கூட இல்லை, 1998-இல் அப்படிச் சொன்னவர்கள் 11.3 சதவீதம். ஆனால் என் அக்கா மகள் சோற்றை ஒதுக்க ஆரம்பித்தது எந்த மாடலையும் பார்த்து அல்ல, ஒரு கல்யாண வீட்டில் "என்னடி இப்படிக் குண்டாயிட்ட" என்று சொந்தக்காரர்கள் சிரித்த பிறகுதான் (சொன்னவர்களுக்கு அது நினைவில்கூட இருக்காது). இதற்கு எந்த லேபிளை ஒட்டுவது? அமெரிக்க உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் குழுவினரின் 'பாடி ப்ராஜெக்ட்' முறையில் பெண்களையே அந்த ஒல்லி மோகத்துக்கு எதிராகப் பேசவும் எழுதவும் நடித்துக் காட்டவும் வைக்கிறார்கள், தன் வாயால் வாதாடும்போது அந்த மோகத்தின் பிடி தளர்கிறது, பல சோதனைகளில் பலனும் தெரிந்திருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் என்று நான்கு வாரம் போதும், எந்தப் பள்ளியிலும் நடத்தலாம், கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம்.