வைரக் கடைக்கு நாற்பது நிமிஷம், பாலத்துக்கு இல்லை

ஓய்வான நாள் என்று அச்சடித்துத்தான் சுற்றுலாக் கப்பல்காரர்கள் விற்றார்கள். "அவசரமில்லாத நகர் உலா, வயதானவர்களுக்கு ஏற்றது, நான்கு மணி நேரம்." தலைக்கு 89 டாலர். அப்பாவுக்கும் எனக்குமாக 178 டாலரைக் கட்டிவிட்டு, கரீபியன் கடலில் இருக்கும் குரசாவோ தீவில் நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அமெரிக்காவின் மயாமியில் கப்பல் ஏறியதே அப்பாவுக்காக. நெடுஞ்சாலைத் துறையில் 31 வருஷம் வேலை பார்த்தவர். பாலம் என்றால் அவருக்கு உயிர். குரசாவோவின் தலைநகர் வில்லெம்ஸ்டாட்டில் ராணி எம்மா பாலம் இருக்கிறது. 1888-இல் கட்டியது. தண்ணீரில் மிதக்கும் தோணிகளின் மேல் மரத்தளம் போட்ட பாலம். கப்பல் வந்தால் மணி அடித்து, ஒரு முனையில் இருக்கும் இன்ஜினை ஓட்டி, மொத்தப் பாலமும் கதவு திறப்பது மாதிரி கரையோரம் ஒதுங்கிவிடும். அப்பா பாம்பனில் பழைய பாலம் இரண்டாகப் பிரிந்து தூக்கிக்கொள்வதைப் பார்த்தவர். "இது பக்கவாட்டுல போகுதாம்மா? ஆள் மேல நிக்கும்போதேவா?" என்று புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம், ஆள் நிற்கும்போதே. அதைத்தான் அவர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் ஆசை. அப்புறம் பழைய சந்தைச் சமையல்கூடத்தில் வெண்டைக்காய் சூப்பும் மக்காச்சோளக் களியும் சாப்பிடலாம் என்றிருந்தோம்.

காலை 8 மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தது. எட்டரைக்கு அரங்கத்தில் கூடச் சொன்னார்கள். சட்டையில் 17 என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது 9:40. முழங்கால் வலியோடு ஒரு மனிதர் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்ததைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

பஸ் முதலில் போனது கற்றாழைக் களிம்பு விற்கும் இடத்துக்கு. அடுத்து மதுக்கடை. அடுத்து வைரக் கடை. அங்கே நாற்பது நிமிஷம்! கதவருகே கண்ணாடித் தட்டில் ஒரு சின்ன வளையலை வைத்துக்கொண்டு, "இது இலவசம், உள்ளே வாங்க" என்று ஒவ்வொருவர் கையையும் பிடிக்காத குறையாக இழுத்தார்கள். உட்கார நாற்காலி உண்டா என்று கேட்டேன். வாங்குபவர்களுக்கு மட்டுமாம். எழுபத்தொரு வயது மனிதர் படியில் உட்கார்ந்திருந்தார். கப்பலில் கொடுத்த கடை வரைபடத்தின் அடியில், கண்ணில் படாத எழுத்தில், இந்தக் கடைகள் விளம்பரக் கட்டணம் செலுத்துகின்றன என்று போட்டிருக்கிறது. சரி, விளம்பரம் செய்யுங்கள். எங்களிடம் காசு வாங்கிக்கொண்டு எங்களையே ஏன் சரக்கு மாதிரி அங்கே இறக்குகிறீர்கள்?

உலகப் பாரம்பரியச் சின்னமாக 1997-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் நகரம் அது. மஞ்சளும் நீலமும் சிவப்புமாக டச்சுக்காரர் காலத்து வீடுகள் தண்ணீரோரம் வரிசையாக நிற்கின்றன. அதைப் பார்க்க பஸ் நின்றது பத்து நிமிஷம், போட்டோவுக்கு. பாலத்தை ஜன்னல் வழியாகக் கைகாட்டினார்கள். பஸ் நேராகத் துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டது. உலா முடிந்ததாம்.

விமானப் பயன்முறையில் கிடந்த என் போனை அப்போதுதான் எடுத்துச் சிக்னல் போட்டேன். 2:45 என்றது. நாலரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். பரவாயில்லை என்று அப்பாவை மெல்ல நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போனோம். ஒவ்வொரு தோணியாகக் குனிந்து பார்த்தார், எண்ணினார். சமையல்கூடத்தில் பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாடு மட்டும்தான் அங்கே. திரும்பி வந்தபோது 3:45, மணி அடித்தது. நீலக் கொடி ஏறியது. ஆரஞ்சு என்றால் பாலம் விலகி நிற்பது கொஞ்ச நேரம்தான். நீலம் என்றால் அரை மணியாவது ஆகும்.

"இருந்து பாத்துட்டுப் போலாம்மா. மேலயே நிக்கலாம்" என்றார் அப்பா.

கடிகாரத்தைப் பார்த்தேன். முடியாது என்றேன். தாமதமாகப் போனால் கப்பல் நமக்காக நிற்காது. அவர்களுடைய உலா பஸ் தாமதமானால்தான் காத்திருப்பார்கள். பாலம் திறந்திருக்கும்போது இலவசப் படகு ஓடும். அதில் அவரை ஏற்றி உட்காரவைத்தேன். பாலம் மெல்ல விலகுவதை அவர் தலையைத் திருப்பித் திருப்பி, பாதி தூணுக்கும் பாதி ஜனக் கூட்டத்துக்கும் இடையில் பார்த்தார். இறங்கியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டே விறுவிறுவென்று நடந்தார், எனக்காக.

கப்பல் வாசலை அடைந்தபோது என் போனில் 4:20. வாசலில் இருந்த கடிகாரத்தில் 3:20.

குளிர்காலத்தில் குரசாவோ மயாமியைவிட ஒரு மணி நேரம் முந்தி இருக்கிறது. கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடுகிறது. சிக்னல் கிடைத்ததும் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறியிருக்கிறது. எங்களுக்கு முழுசாக ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. அப்பா பாலத்தின் மேல் நின்றிருக்கலாம். ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்திருக்கலாம்.

சேவை மேசையில் போய்க் கேட்டேன். "காலையில் அறிவித்தோமே மேடம்." அறிவித்தீர்கள், ஒரே ஒரு தடவை, வளையல் அறிவிப்பு நான்கு தடவை வந்ததற்கு நடுவில்! அப்பாவுக்கு ஒலிபெருக்கியில் பேசும் ஆங்கிலம் பாதி காதில் விழாது. எனக்கே விழவில்லை. கரையில் இறங்கும் படியில் "கப்பல் நேரம் இது" என்று ஒரு பலகை வைக்க என்ன செலவாகும்? வைர வளையலுக்கு ஆளுயரப் பலகை வைத்திருந்தீர்களே!

அறைக்கு வந்தால் அப்பா பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "விடும்மா, பாதி பாத்தாச்சுல்ல" என்றார். அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கதவுக்கு அடியில் மறுநாளுக்கான தாள் கிடந்தது. அடுத்த தீவு அரூபா. அங்கேயும் ஒரு மணி நேரம் வித்தியாசம். எடுத்து இரண்டு பக்கமும் படித்தேன். வளையல் கூப்பன் மூன்று. நேரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. தாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் கீழே போய் வரிசையில் நின்றேன்.