கணக்குக் கேட்பதும் கொடையின் ஒரு பகுதிதான்

என் தந்தையின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு, சென்னைப் புறநகரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் மதிய உணவு வழங்கலாம் என்று எண்ணித் தொலைபேசியில் அழைத்தேன். நாளைக் குறித்துக்கொண்ட பெண்மணி சற்றுத் தயங்கிவிட்டு, "அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு பேர் சாப்பாட்டுக்குக் கட்டியிருக்கிறார்கள் சார், உங்களுக்கு மனமிருந்தால் இந்த மாத மின்கட்டணத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார். அப்பாவின் பெயரில் வடை பாயசத்தோடு இலை போட வேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சிறிது நேரம் கழித்துத்தான், அறப்பணி செய்வதாகச் சொல்லும் எவரும் என்னிடம் இதுவரை இவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை என்பது உறைத்தது. மூன்றாவது ஆளிடமும் சாப்பாட்டுக்கென்று பணம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால், எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இது எனக்கு உறைத்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் வந்த அழைப்பு, ஒரு குழந்தையின் இதய அறுவை சிகிச்சைக்கு அன்றைக்குள் பணம் வேண்டும் என்றது. தொடர்ந்து வாட்ஸ்அப்பில் குழாய்கள் செருகிய ஒரு குழந்தையின் படம் வந்தது. நான் அன்றே பணம் அனுப்பினேன், அதன்பின் மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் பதினான்கு மாதங்கள் அனுப்பினேன். அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு முறை கேட்டும் விடை வரவில்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நேரத்தில் நன்கொடைச் சான்றிதழ் கேட்டபோது, அந்த எண் என் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டது. போன பணத்தைவிட, அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அதன்பிறகுதான் ரசீதில் அச்சிட்டிருக்கும் எண்களுக்குப் பொருள் என்ன என்று படிக்கத் தொடங்கினேன். டிரஸ்ட் பதிவு எண் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிவாகியிருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. 80ஜி என்பது கொடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டு என்பதற்கான அனுமதி, அரசு தரும் நற்சான்று அன்று. மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பு நடத்தும், தொண்டு நிறுவனங்களைப் பட்டியலிடும் தர்பண் இணையதளத்தில் உள்ள விவரங்கள் அந்தந்த அமைப்பே தன்னைப் பற்றி எழுதித் தருபவை. இவையெல்லாம் இருக்க வேண்டும், ஆனால் இவை இருப்பதாலேயே ஓர் அமைப்பை நம்பிவிட முடியாது.

இவற்றுள் ஒன்றை மட்டும் நான் மிகவும் மதிக்கிறேன். முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் 80ஜி என்று ரசீதில் அச்சிட்டுவிடலாம், அதைச் சரிபார்க்க நமக்கு எளிய வழி இருக்கவில்லை. 2021-22 நிதியாண்டு முதல், 80ஜி அனுமதி பெற்ற அமைப்பு தனக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைக் கொடையாளரின் பான் எண்ணோடு வருமான வரித்துறைக்கு அளித்து, 10பிஇ என்ற சான்றிதழை அடுத்த மே 31-க்குள் நமக்குத் தர வேண்டும் என்ற நடைமுறை வந்தது. புதிய வரி முறையைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதால் பலர் சான்றிதழைக் கேட்பதே இல்லை. நான் சலுகைக்காகக் கேட்கச் சொல்லவில்லை. அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தால் நம் பணம் அவர்கள் கணக்கில் ஏறியிருக்கிறது என்று பொருள், அதற்காகக் கேளுங்கள். ரொக்கமாகவே வேண்டும் என்று வற்புறுத்துபவர்களிடமும், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அமைப்பின் பெயருக்குப் பதிலாகத் தனிமனிதர் பெயர் வருபவர்களிடமும் நான் கொடுக்காமல் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்கிறேன். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகையே கிடையாது என்பதை அவர்களும் அறிவார்கள்.

நண்பர்கள் பலர் கேட்கும் முதல் கேள்வி, "நிர்வாகத்துக்கு எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள்?" என்பதுதான். நியாயமான கேள்விதான், ஆனால் அதையே ஒரே அளவுகோலாகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வரம்பு கட்டியது, அதற்கு முன் அது 50 சதவீதமாக இருந்தது. படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரை இரவில் இரண்டு முறை புரட்டிப் படுக்க வைக்கும் பணிப்பெண்ணுக்குக் கொடுக்கும் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்று யாராவது முகம் சுளித்தால், அவருக்குப் படுக்கைப்புண் என்றால் என்னவென்று தெரியவில்லை என்றுதான் சொல்வேன். "நூறு ரூபாயும் அப்படியே ஏழைக்குப் போகிறது" என்று பெருமையாகச் சொல்லும் அமைப்பிடம், அந்த நூறு ரூபாயை யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், அவர் எதைச் சாப்பிடுகிறார், கணக்கை யார் எழுதுகிறார் என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் ஊரில் கொடை பெரும்பாலும் நாளைப் பார்த்து வருகிறது. பிறந்தநாள், திருமண நாள், நினைவு நாள், தீபாவளி, சுதந்திர தினம் என்று அந்த நாள்களில் மட்டும் இல்லங்களில் பிரியாணியும் கேக்கும் மிஞ்சிக் கிடக்க, அடுத்த வாரத்தில் பெரியவர்களுக்கான டயாபருக்கும் சர்க்கரை நோய் மாத்திரைக்கும் கையைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். சாப்பாடு கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுக்க முடிகிறது, கொடுத்த மனநிறைவு உடனே கிடைக்கிறது. மின்கட்டணத்துக்கு முன்னால் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஓர் இல்லத்துக்குப் போனால், உங்களுக்கு யாரும் கொடுக்காத செலவு எது என்று நான் முதலில் கேட்கிறேன். உண்மையாக நடத்துபவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை நாக்கு நுனியில் இருக்கிறது.

படத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லியாக வேண்டும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனாலும் கேக் வெட்டும் கொடையாளரைச் சுற்றிக் காப்பகக் குழந்தைகளை நிறுத்திப் பதிவிடுவது நம் முகநூலில் அன்றாடக் காட்சியாக இருக்கிறது. குழந்தையின் முகத்தைக் காட்டிப் பணம் கேட்கும் இல்லத்துக்கு நான் கொடுப்பதில்லை. அந்த இல்லம் சட்டப்படி பதிவு பெற்றதா, குழந்தைகள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு அங்கே சேர்க்கப்பட்டவர்களா என்றும் கேட்கிறேன். தாயோ தந்தையோ உயிரோடு இருக்கும் குழந்தையை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப அவர்கள் என்ன முயற்சி எடுக்கிறார்கள் என்று கேட்டால், இல்லத்தின் நோக்கம் ஓரளவு புலப்பட்டுவிடும்.

"கொடுக்கிற இடத்தில் கணக்குக் கேட்கலாமா, அது புண்ணியத்தைக் குறைக்காதா?" என்று என் பெரியம்மா கேட்டார். அவருக்கு நான் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைச் சொன்னேன். ஒரு விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன, அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர்களின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டன, விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று எழுதப்பட்டது, அதை எந்த அளவையால் அளக்க வேண்டும் என்பதும் கூடவே எழுதப்பட்டது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எவ்வளவு, எதற்கு என்று ஊர் அறியக் கல்லில் வெட்டியவர்கள் புண்ணியம் குறைந்துவிடும் என்று அஞ்சவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிச் சொல்லித்தான் பெரியம்மாவும் எங்களை வளர்த்தார், அதை நினைவூட்டியதும் சிரித்துவிட்டார்.

நினைவு நாளன்று குடும்பத்தோடு அந்த முதியோர் இல்லத்துக்குப் போனோம். அலுவலக அறையில் நான் கேட்பதற்கு முன்பே சென்ற ஆண்டின் தணிக்கை அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார்கள். அதில் நன்கொடை வரவு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று இருந்தது, ஓரிடத்தில் பற்றாக்குறையும் மறைக்காமல் எழுதப்பட்டிருந்தது. மற்ற இருவர் கொடுத்த சாப்பாட்டை நாங்களே பரிமாறினோம். பத்து நாள் கழித்து அப்பாவின் பெயர் எழுதிய ரசீது தபாலில் வந்தது, அதோடு மின்கட்டணம் கட்டியதற்கான மின்வாரிய ரசீதின் நகலும் பின் குத்தி இணைக்கப்பட்டிருந்தது.