பொதுவாச் சொன்னன், உங்களைச் சொல்லேல்லை

அக்காவின் மகனுக்கு யாழ் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. வவுனியாவிலிருந்து வரும் பெடியனுக்கு ஒரு அறை தேடி, போன சனிக்கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்தோம். ஒரு வீட்டில் கேற்றடியிலேயே பதில் வந்துவிட்டது.

"கம்பஸ் பெடியளுக்கு நான் இனிக் குடுக்கிறேல்லை தம்பி. அவங்கள் விடிய விடியப் பாட்டுப் போட்டு அயலட்டையை நித்திரை கொள்ள விடமாட்டாங்கள்."

முன்பு எத்தனை பேர் இருந்தவை என்று கேட்டேன். நாலு பேராம். அதிலும் ஒருவன் நல்ல பெடியனாம், பாவமாம். ஆக, மூன்று பேர்.

"எல்லாரும் அப்பிடியோ அம்மா?"

குரல் சட்டென்று இறங்கியது. "சீச்சீ, எல்லாரையும் சொல்லேல்லை. பொதுவாச் சொன்னன். உங்கட பெடியனைச் சொல்லேல்லை."

சரி, அப்படியென்றால் அறையைத் தரலாமே? தரவில்லை.

அந்தப் 'பொதுவா' இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பொதுப்படச் சொல்லாமல் ஒருவராலும் வாழ முடியாது, அது எனக்கும் தெரியும். "பனை நுங்கு தரும்" என்கிறோம். ஆண் பனை நுங்கு தராது. அதற்காக யாரும் அதைப் பொய் என்பதில்லை. "நுளம்பு டெங்கு பரப்பும்" என்பதும் அப்படித்தான். எல்லா நுளம்பும் அல்ல, ஈடிஸ் இனத்துப் பெண் நுளம்பு, அதிலும் வைரஸ் தொற்றியது மட்டும். ஆனாலும் முற்றத்தில் கிடக்கும் சிரட்டையைக் கவிழ்த்து வைக்க அந்த வாக்கியம் போதும். பிழைத்தாலும் நட்டம் ஒரு சிரட்டைத் தண்ணீர்தான். ஆனால் நுங்குக்காக ஒற்றைப் பனை நிற்கிற காணியை வாங்கப் போகிறவர், அது ஆணா பெண்ணா என்று அண்ணாந்து பார்க்காமல் காசை எண்ணுவாரா?

இந்த வாக்கியங்களில் 'எல்லா'வும் இல்லை, 'சில'வும் இல்லை. அதனால் அவை றப்பர் மாதிரி. ஆதாரம் கேட்டால் "சில பேர்" என்று சுருங்கும். கேற்றைச் சாத்தும்போது "எல்லாரும்" என்று விரியும். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. வாய் சில பேரைச் சொன்னது, கை எல்லாருக்குமாகக் கேற்றைச் சாத்தியது.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். "எல்லாரும் வரவில்லை" என்று கரும்பலகையில் எழுதி, யாராவது வந்தார்களா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒருவருமே வரவில்லை என்று பாதி, கொஞ்சப் பேர் வந்தார்கள் என்று மீதி. "முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்" என்று நன்னூல் சொல்லி வைத்திருக்கிறது. ஒரு 'உம்' எல்லாரையும் உள்ளே இழுத்துக்கொண்டே சிலரை வெளியே விடவும் கூடும் என்பதை அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். (நம்ம நல்லூர் நாவலர் இதற்குக் காண்டிகையுரை எழுதியவர். இப்போது பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் திறக்கிறார்கள்.)

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். சோற்றில் அது சரி, ஏனென்றால் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. ஒடியற்கூழில் அதைச் செய்து பாருங்கள். ஒருவர் பிளாவில் நண்டுக்கால் விழும், பக்கத்தில் இருப்பவருக்கு மரவள்ளியும் பயிற்றங்காயும்தான். ஒரு அகப்பையை வைத்துக் கூழுக்குத் தீர்ப்புச் சொன்னால் அடுத்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

கொழும்பில் யாராவது நம்மைப் 'பனங்கொட்டை சூப்பி' என்றால் சுர்ரென்று ஏறுகிறது. அதே நாங்கள், மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போகிறவனைப் பிடித்து, "கவனம், மந்திரம் போட்டுப் பாயோட ஒட்ட வச்சிடுவினம்" என்கிறோம். நானும் அங்கே மூன்று வருடம் படிப்பித்தேன். என்னை ஒட்ட வைத்தது எருமைத் தயிர் மட்டும்தான்.

கடைசியில் கொக்குவிலில் ஒரு அறை கிடைத்தது. வீட்டுக்கார ஐயா நல்ல மனிதர், முற்பணமும் அதிகம் கேட்கவில்லை. "கம்பஸ் பெடியள் எண்டால் பிரச்சினை இல்லைத் தம்பி. முந்தி ஒரு வாத்தியார் இருந்தவர். ஆறு மாசக் கரண்ட் பில் கட்டேல்லை. இனி இந்த வாத்திமாருக்கு மட்டும் குடுக்கிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன்."

மருமகன் என்னைப் பார்த்தான். நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஐயா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.