கப்பல் மூழ்கினால் முதலில் யாரைப் பிடிப்பது என்றுதான் பார்க்கிறார்கள்

1980 செப்டம்பரில் டெர்பிஷயர் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் ஜப்பானுக்குத் தெற்கே புயலில் சிக்கி மூழ்கியது. கப்பலில் இருந்த 44 பேரும் இறந்துபோனார்கள். ஓர் அபாய அழைப்புகூட வரவில்லை. ஏன் மூழ்கியது என்று ஒழுங்காக விசாரியுங்கள் என்று குடும்பங்கள் வருடக்கணக்கில் போராடின. கடைசியில் தொழிற்சங்கப் பணத்தில் தேடித்தான் 1994-இல் சுமார் 4 கிலோமீட்டர் ஆழத்தில் கப்பலின் சிதைவுகளைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் வந்த அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? முன்பக்கக் கிடங்கின் மூடியை மாலுமிகள் சரியாகப் பூட்டவில்லையாம். பதில் சொல்ல உயிரோடு இல்லாதவர்கள் மேல் பழி.

2000-இல் நடந்த மறுவிசாரணை அந்தப் பழியைத் துடைத்தது. முன்தளத்துக் காற்றுக் குழாய்களை அலை உடைத்திருக்கிறது, அந்த வழியாகத் தண்ணீர் புகுந்து முகப்பு தாழ்ந்திருக்கிறது, அதன்பின் மேலே ஏறிய அலைகளின் எடையைச் சரக்கறை மூடிகளால் தாங்க முடியவில்லை. கோளாறு வடிவமைப்பில் இருந்தது. இதைச் சொல்ல 20 வருடம்! அதுவரை அதே மாதிரி மூடிகளோடு எத்தனையோ கப்பல்கள் ஓடிக்கொண்டுதானே இருந்தன?

விபத்து விசாரணைச் சட்டங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, குற்றவாளியைத் தேடுவது இல்லை என்கிறது அது. மாலுமிகளிடம் சாட்சியத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டு அவர்களை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் 2024 மார்ச்சில் டாலி என்ற சரக்குக் கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பாலத்தில் மோதி, பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த 6 தொழிலாளர்கள் இறந்தபோது என்ன ஆனது? குற்ற விசாரணையும் சேர்ந்துகொண்டது, மாலுமிகளின் போன்களைப் பறித்துக்கொண்டார்கள், பல வாரங்கள் கப்பலை விட்டு இறங்கவே முடியவில்லை. அடுத்த விபத்தைத் தடுப்பதற்கான பாதுகாப்பு விசாரணை கடைசியில் போய் நின்றது சரியாகப் பொருத்தப்படாத ஒரு மின்கம்பியில்.

தான் சொல்வது நாளைக்குத் தனக்கு எதிராகவே நீதிமன்றத்துக்கு வரும் என்று பயப்படுகிற மாலுமி உண்மையைச் சொல்வாரா? கண்டிப்பாக மாட்டார். பாதுகாப்பு விசாரணையில் தருகிற வாக்குமூலத்தைக் குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்று ஒவ்வொரு நாட்டுச் சட்டத்திலும் வெளிப்படையாக எழுத வேண்டும். கப்பலைப் பதிவு செய்து கட்டணம் வாங்குகிற துறையே அந்தக் கப்பலின் விபத்தையும் விசாரிப்பது எனக்குச் சரியாகவே படவில்லை, விசாரிக்கிற அமைப்பு தனியாக இருந்தே ஆக வேண்டும். அறிக்கை ஒரு வருடத்துக்குள் பொதுவெளிக்கு வர வேண்டும், முடியவில்லை என்றால் இடைக்கால அறிக்கையாவது.

மீன்பிடிப் படகுகளையும் மறந்துவிடாதீர்கள். சர்வதேச விதிகளில் பெரும்பாலானவை அவற்றைத் தொடுவதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் தன் சட்டத்தைத் திருத்தி, 15 மீட்டருக்கும் குறைவான மீன்பிடிப் படகில் உயிர் போனாலோ படகே மூழ்கினாலோ, முழு விசாரணை தேவையா என்று முதற்கட்டமாகவாவது பார்த்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தது. மற்ற நாடுகளும் இதையாவது உடனே எடுத்துக்கொள்ளலாமே. சின்னப் படகில் போய்த் திரும்பாதவரின் வீட்டிலும், டெர்பிஷயர் குடும்பங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.