கடல் இகுவானா பீய்ச்சுவது விஷமில்லை

கறுத்த பாறைமேல் படுத்திருக்கும் பெரிய பல்லி ஒன்று மூக்கிலிருந்து வெள்ளையாக எதையோ பீய்ச்சுகிறது. "காலாபாகோஸ் தீவின் விஷப் பல்லி, கிட்டே போனால் துப்பும், கடிக்கும், பஞ்ச காலத்தில் உடம்பைச் சுருக்கிக்கொள்ளும்" என்ற குறிப்போடு இந்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வீடியோ நிஜம்தான். குறிப்பில்தான் கோளாறு.

அது கடல் இகுவானா. ஈக்வடார் கரைக்குச் சுமார் 1,000 கி.மீ. மேற்கே, எரிமலைகள் எழுப்பிய காலாபாகோஸ் தீவுகளில் மட்டுமே வாழ்கிறது. கடலில் இறங்கி மேய்கிற பல்லி உலகில் இது ஒன்றுதான். தின்பது பாறையில் ஒட்டி வளரும் பாசியை. பாசியோடு உப்பும் ஏராளமாக உள்ளே போய்விடும். அதைப் பிரித்தெடுக்க மூக்கருகே சுரப்பிகள் உண்டு. உப்புநீர் சேர்ந்ததும் 'ஹச்' என்று ஒரு தும்மல், அவ்வளவுதான். தெறித்ததில் கொஞ்சம் அதன் தலையிலேயே விழுந்து காய்ந்து, வெள்ளைத் தொப்பி வைத்ததுபோல் ஆகிவிடும்.

சரி, கடிக்குமா? 1835இல் அங்கே போன டார்வின், ஒன்றைப் பிடித்துக் கடல்நீர்க் குட்டையில் பலமுறை தூக்கி வீசிப் பார்த்தார் (பாவம் அந்தப் பல்லி). ஒவ்வொரு தடவையும் அவர் நின்ற இடத்துக்கே நேராகத் திரும்பி வந்தது. இவற்றுக்குக் கடிக்கும் எண்ணமே இல்லை, ரொம்பப் பயந்தால் மூக்கிலிருந்து ஒரு சொட்டுத் திரவம் தெறிக்கும் என்றுதான் எழுதிவைத்தார்.

அப்புறம் அந்தச் 'சுருங்கும்' சமாச்சாரம். கேட்டால் கட்டுக்கதை போலிருக்கிறது, ஆனால் அது மட்டும் உண்மை. எல் நினோ காலத்தில் கடல் சூடேறிப் பாசி அருகும்போது, வளர்ந்த இகுவானாவின் உடல் நீளம் 20 சதவீதம் வரைகூடக் குறைந்திருக்கிறது. பாசி மீண்டதும் திரும்ப வளர்கிறது.